காட்டுக்காரர்

ஃபேரர் பார்க்கில் என் மனைவியைக் கண் வைத்தியத்துக்குக் கூட்டிப்போகும் கிளினிக்கில், நாங்கள் உட்காரும் நாற்காலிகளுக்கு எதிரே ஒரு பழைய கறுப்புவெள்ளைப் புகைப்படம் மாட்டியிருந்தது. இந்தத் தீவு காடாக இருந்தபோது எடுத்தது. அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். வானம் வெறும் வெள்ளை. மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் ஆள் நுழைய முடியாத இருட்டு. காற்றில் ஆடிய இலைகள் புகையாகப் பதிந்திருந்தன. ஒரு பறவைகூட இல்லை. அசைவதை எல்லாம் அந்தக் காலத்துக் கேமரா விட்டுவிடுமாம். மரத்தடியில் ஓர் ஆள் மட்டும், தலையைத் திருப்பியதில் முகம் கலைந்து, நின்றுகொண்டிருந்தார். பார்வை போய்விடுமோ என்று பயந்து வருகிறவர்கள் பார்க்கவா இதை மாட்டுவார்கள்?

அவள் கோயம்புத்தூர்ப் பக்கம். முதல் தடவை பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க, இதையப் போயி காடுங்கறீங்க? ஒரு சோளத்தட்டு காணோம்."

அவள் ஊரில் காடு என்றால் மழையை நம்பி விதைக்கும் நிலம். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குக் காடு என்றால் பாம்பு.

"இது ஜங்கிள் லா," என்றேன்.

அவள் கேட்டால்தானே. முகமில்லாத அந்த ஆளுக்குக் காட்டுக்காரர் என்று பெயர் வைத்தாள். வெள்ளாமை பார்க்க வந்தவராம்.

அவள் கண் நரம்பு கெட்டுக்கொண்டே வந்தது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் சொட்டு மருந்து என்றார் டாக்டர். வேளை தவறாமல் விட்டோம். ஆபரேஷனும் ஆயிற்று. ஒன்றுக்கும் கட்டுப்படவில்லை. உள்ளே கூப்பிடும்வரை அந்தப் படத்தை வைத்து நானே அவளைச் சோதிப்பேன். முதலில் ஓரத்து மரங்கள் போயின. அப்புறம் வானம்.

"காட்டுக்காரர்?" என்பேன்.

"நிக்கறாருங்க," என்பாள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் வீடு திரும்புவேன்.

போன வாரம் போனபோது சுவருக்குப் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். படம் இல்லை. அது தொங்கிய ஆணிகூட இல்லை. அவளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எப்போதும் கேட்கிறவன் கேட்கவில்லையே என்று நினைத்தாளோ என்னவோ, என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

"காட்டுக்காரர் நிக்கறாருங்க. நல்லாவே தெரியறாரு."

எத்தனை மாதமாக எனக்காக இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தாளோ.

"ஆமா," என்றேன். "நிக்கிறாரு."