எலும்பு கூடிய பிறகு மிச்சமிருந்தது

மீன் மார்க்கெட்டின் தரை எப்போதும் ஈரம். செதிலும் ஐஸ் தண்ணீரும் குடல் கழிவும் கலந்து வழவழவென்று கிடக்கும். அந்தத் தரையில் செருப்பில்லாமல், தலையில் கூடையோடு, ஆட்களை இடித்துக்கொண்டு நடந்தே என் வயது போனது. ஒருநாளும் வழுக்கியதில்லை. நான் விழுந்தது முத்தியால்பேட்டையில், என் மகள் வீட்டுக் கூடத்தில். காய்ந்த தரை. அப்போதுதான் துடைத்து, ஃபேன் போட்டு உலர்த்தியிருந்தாள். யாரோ கூப்பிட்டார்கள் என்று வாசல் பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, கால் திரும்பவில்லை. அவ்வளவுதான்.

வலியைவிட மனதில் நின்றது அந்தச் சத்தம்தான். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிப்போமே, அந்த மாதிரி இடுப்புக்குள் 'டக்'கென்று ஒன்று. பக்கத்திலேயே இருந்த மகளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

ஆஸ்பத்திரியில் முதுகில் ஊசி போட்டு, கீழே மரத்துப்போக வைத்து, எலும்பில் இரும்பு வைத்து முடுக்கினார்கள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். பச்சைத் துணி மறைப்புக்கு அந்தப் பக்கம் தச்சு வேலை நடப்பதுபோல் தட்டுவது கேட்டது. அதற்கு நான் கலங்கவில்லை. அது அவர்கள் வேலை, அவர்கள் செய்தார்கள். என் வேலை வந்தபோதுதான் தொல்லை ஆரம்பித்தது. என் வேலை எழுந்து நடப்பது.

தையல் பிரித்தார்கள். புண் ஆறியது. வாக்கர் என்று நாலு கால் வைத்த கம்பி ஒன்று வாங்கி வந்தார்கள். ஆனாலும் மகள் ஒரு பக்கம் பிடிக்காமல் என்னால் ஓர் அடி வைக்க முடியவில்லை. கால் தரையில் படும் முன்பே காது அந்தச் சத்தத்துக்குக் காத்திருக்கும். உள்ளங்கை வேர்த்து வாக்கர் கம்பி வழுக்கும். "மயக்கமா வருதுடி" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவேன். மயக்கம் ஒன்றும் இல்லை. வேறு பெயர் சொல்ல வாய் வரவில்லை.

மார்க்கெட்டில் தூண் ஓரம் என் இடம். என் மாமியார் உட்கார்ந்த இடம், அவருக்குப் பிறகு நான். இப்போது என் ஓரகத்தி அதில் உட்கார்ந்து இடத்தைக் காத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தன் இடம் தனியாக இருக்கிறது, எனக்காக இரண்டையும் பார்த்துக்கொண்டாள். ஒருநாள் போன் பண்ணினாள்.

"அக்கா, எடத்தக் கேட்டு ஆளுங்க வந்துட்டே இருக்காளுங்க. நான் எவ்ளோ நாளு வாயாலயே அடிச்சித் தொரத்தறது? நீ வருவியா மாட்டியா, ஒரு வார்த்த சொல்லிடு."

"வராம எங்க போறேன்? வருவேன்னு சொல்லு."

போனை வைத்துவிட்டு, கக்கூசுக்குப் போக மகளைக் கூப்பிட்டேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு நல்லா கூடிடுச்சிம்மா. இனிமே இருக்கறது பயம்தான்" என்றார். மகள் தலையை ஆட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத நாள்களில்கூட விடிந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் நான்.

"யாருக்கு பயம்?" என்றேன்.

"உங்களுக்குத்தான்." காய்ச்சல் என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு, நடக்கப் பழக்கும் அறைக்கு எழுதிக் கொடுத்தார். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். சண்டைக்கு இடமில்லாமல் வெளியே வந்தேன். வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன்: சொன்ன வார்த்தையை இந்த ஆள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த அறையில் இடுப்பு உயரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீளக் கம்பிகள். நடுவில் நடக்க வேண்டும். கடைசியில் ஆள் உயரக் கண்ணாடி. பயிற்சி கொடுத்தது ஒரு சின்ன வயதுப் பெண். என் இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, பின்னால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ பாக்காதீங்க ஆயா. கண்ணாடியப் பாத்து நடங்க."

நான் கீழேதான் பார்த்தேன். தரையை விட்டுக் கண்ணை எடுத்தால் தரை ஓடிப்போய்விடும் என்பதுபோல் இருந்தது. ஒருமுறை நிமிர்ந்தபோது, தொலைந்த தோட்டைத் தேடுகிறவள் மாதிரி குனிந்து நிற்கும் ஒரு கிழவி கண்ணாடியில் தெரிந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

ஜன்னலுக்குக் கீழே பெஞ்சில் ஒரு சிறுமி. ஏழெட்டு வயது இருக்கும். சைக்கிளில் இருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டவள். மாவுக்கட்டு பிரித்தும் காலை ஊன்றவே மாட்டேன் என்றாள். அம்மாவின் துப்பட்டாவால் காலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"வலிக்காதுடி தங்கம். ஒரே ஒரு அடி. ஐஸ்கிரீம் வாங்கித் தரேன்" என்பாள் அம்மா.

"இது என் காலு இல்ல."

"பின்ன யாரு காலு? பக்கத்து வீட்டுக்காரங்களுதா? நடிக்கறா பாருங்க டாக்டர்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரும்பு வைத்த நாளிலிருந்து என் காலும் யாருடையதோ மாதிரிதான் இருந்தது.

ஒருநாள் என் முறைக்காக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். சிறுமி என் வாக்கரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஆயா, ஒன்னையும் நடிக்கறன்னு சொன்னாங்களா?"

"இல்ல. பயப்படறன்னு சொன்னாங்க."

"பயமா ஒனக்கு?"

சுற்றிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. "ஆமா" என்றேன்.

"எவ்ளோ?"

"நெறைய."

அவள் என்னிடம் நகர்ந்து உட்கார்ந்து, துப்பட்டாவை விலக்கிக் காலைக் காட்டினாள். குச்சியாய், தோல் உரிந்து, கருவாடு மாதிரி இருந்தது. "ரம்பம் வச்சி மாவுக்கட்ட அறுத்தாங்க. கட்டோட சேத்து உள்ளயும் அறுத்துட்டாங்க போல. அதான் எளச்சிப் போச்சு. யாரும் பாக்கவே இல்ல" என்று குசுகுசுத்தாள்.

நான் பயிற்சிப் பெண்ணைக் கூப்பிட்டு, "இந்தப் புள்ள சொல்றத கொஞ்சம் காதுல வாங்கு" என்றேன். அவள் சிரிக்கவில்லை. சிறுமியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கட்டுப் போடும் அறைக்குப் போனாள். திரும்பி வரும்போது சிறுமி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஆயா, அந்த ரம்பம் சுத்தவே இல்ல, சும்மா ஆடுது. அக்கா கையில வச்சிக் காட்டினாங்க. கூச்சம்தான் வருது!"

அதனால் எழுந்து நடந்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். அன்றும் ஊன்றவில்லை. ஆனால் காலை மூடவில்லை.

எனக்கோ ஒன்றும் நகரவில்லை. கம்பியைப் பிடித்த கை விடவில்லை, கண் தரையை விடவில்லை. பயிற்சிப் பெண் பொறுமையாக, "நிமிந்து பாருங்க ஆயா, நிமிந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கோபத்தில் என் வாய் தானாகச் சொன்னது: "வெறுந்தலையோட எப்படிம்மா நிமிர்றது?"

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. தாவணி போடுவதற்கு முன்பிருந்தே கூடை சுமந்தவள் நான். தலையில் பாரம் இருந்தால் காலைப் பார்க்க முடியாது. கழுத்து நேராக நிற்கும், கண் தூரத்தில் இருக்கும், தரையைக் கால் தானே பார்த்துக்கொள்ளும். இப்போது தலையில் ஒன்றுமில்லாமல் பார்த்துப் பார்த்து அடி வைக்கச் சொல்கிறார்கள். அந்த நடை எனக்குப் பழக்கமே இல்லை.

"ஒரு துண்டு குடு" என்றேன். கூடைக்கு அடியில் வைப்பதுபோல் முறுக்கிச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்தேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "சரி. துண்டு மட்டும்தான். அதுக்கு மேல ஒரு சொம்புகூட வெக்கக் கூடாது." பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கழுத்து நிமிர்ந்தது. ஓர் அடி வைத்தேன். காது வழக்கம்போலக் காத்திருந்தது. ஆனால் துண்டு நழுவாமல் பார்த்துக்கொள்ளும் வேலை கழுத்துக்கு இருந்ததால் முழுதாகப் பயப்பட நேரமில்லை. இன்னோர் அடி. கம்பியில் கை லேசாகியது.

"ஆயா, மீனு எங்க?" பெஞ்சிலிருந்து குரல்.

"வித்துப் போச்சு."

"பொய்! கூடையில இருக்கு. இன்னா மீனு?"

"சங்கரா."

"எவ்ளோ?"

"ஒக்காந்துகிட்டு கேக்கறவங்களுக்கு நான் வெல சொல்றதில்ல. எழுந்து வந்து செவுளத் தூக்கிப் பாத்துட்டுக் கேளு." மார்க்கெட்டில் எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்.

சிறுமி அம்மா தோளைப் பிடித்து ஒற்றைக் காலில் நொண்டியபடி வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, என் தலைக்கு மேல் எட்டிப் பார்ப்பதுபோல் பார்த்து மூக்கைப் பொத்தினாள். "சீ! நாறுது. ஐஸ் மீனு!"

"எவ சொன்னா ஐஸ் மீனுன்னு? காலையில கரைக்கு வந்த மீனுடி இது!" என்று திரும்பினேன். துண்டு விழுந்தது.

இரண்டு பேரும் கீழே பார்த்தோம். அவளுடைய இரண்டு காலும் தரையில் இருந்தன. பார்த்த உடனே வீலென்று கத்தி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பயிற்சிப் பெண் அவசரப்படவில்லை. "யாரும் விழல. ரெண்டு பேரும் மூச்சு விடுங்க" என்றாள். விட்டோம். பிறகு குனிந்து துண்டை எடுத்து நீட்டினாள். "மறுபடியும்."

மறுபடியும் நடந்தோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் நடந்தோம். சில நாள் நன்றாக இருக்கும். சில நாள் காரணமே இல்லாமல் வாசலிலேயே கால் மரத்துவிடும், அன்றும் போய்க் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டுத்தான் வருவேன். சிறுமி எனக்கு முன்பே தேறிப் பள்ளிக்கூடம் போய்விட்டாள். போகும்போதும் என் மீன் கெட்டுப்போன மீன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். ஒருநாள் பயிற்சிப் பெண் என்னைக் கேட்காமலேயே துண்டை என் தலையிலிருந்து எடுத்துவிட்டாள். அதற்குள் கழுத்துக்குப் பழைய நினைப்பு வந்துவிட்டிருந்தது. கம்பியை விட்டுக் கைத்தடிக்கு வந்தேன். பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, "பரவால்லயே" என்றார். வார்த்தையைத் திரும்ப வாங்கவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. பயம் இருந்தது உண்மை, இன்னும் இருந்தது.

"இன்னும் ஒரு மாசம் போவட்டும்மா" என்றாள் மகள். நான் மார்க்கெட்டுக்குப் போகும் டெம்போவில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறினாள். தரையில் குந்தக் கூடாது என்பது ஆஸ்பத்திரிக் கட்டளை. வழுக்காத ரப்பர் செருப்பும் கட்டளைதான்.

மார்க்கெட் வாசலில் இறங்கினேன். காய்கறிக் கடைகள் வரைக்கும் காய்ந்த தரை. அதற்கப்புறம் ஈரம். அந்த இடத்தில் நின்றேன். உள்ளங்கை வேர்த்தது. காது அந்தச் சத்தத்துக்குக் காத்து நின்றது. பயம் அடங்கட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. காத்திருந்தால் அடங்காது என்று அதற்குள் தெரிந்துகொண்டிருந்தேன். தடியை ஊன்றி, நிமிர்ந்து, தூணைப் பார்த்து நடந்தேன்.

"அடியே, யாரு வர்றா பாரு!"

"இன்னாக்கா, செருப்பெல்லாம் பலமா இருக்கு! ஸ்டூலு வேற! கலெக்டரம்மாவா ஆயிட்ட?"

"ஆமாண்டி, எழுந்து கும்பிடு" என்றேன்.

ஓரகத்தி எழுந்து, என் இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளிவிட்டு, ஸ்டூலைப் போட்டாள். உட்கார்ந்தேன். அவள் கொண்டுவந்திருந்த சங்கராவையும் கொஞ்சம் நெத்திலியையும் என் முன்னால் பரப்பினாள். வந்தவர்கள் நலம் விசாரித்துவிட்டு வழக்கம்போல விலையை அடித்துப் பேசினார்கள். நானும் விடவில்லை. வெயில் ஏறுவதற்குள் மீன் தீர்ந்தது.

கை கழுவக் குழாய்க்குப் போக வேண்டும். அப்போதுதான் தெரிந்தது. வருவதைப் பற்றியே நினைத்து வந்தவள், அந்த ஈரத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து எழ வேண்டும் என்பதை நினைக்கவே இல்லை. மகள் டீ வாங்கப் போயிருந்தாள். ஓரகத்தி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். கையை நீட்டினாள்.

"புடிக்கட்டுமாக்கா?"

"புடிக்காத. பக்கத்துல நில்லு."

அவள் நின்றாள். நான் தடியை ஊன்றி எழுந்து, குழாயைப் பார்த்து நடந்தேன்.