அக்காவின் இரண்டரை வயது

பள்ளிக்கூடக் காகிதத்தின்படி நானும் என் அக்காவும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே தேதி, ஒரே மாதம், ஒரே வருடம். நேரில் பார்த்தால் நான் அவள் தோளுக்குக்கூட வரமாட்டேன். அவளுக்குப் பல்லெல்லாம் விழுந்து முளைத்த பிறகுதான் எனக்கு முதல் பல்லே ஆடியது. ஆனாலும் திருவொற்றியூரில் நாங்கள் படித்த பள்ளியில் ஐந்து வருடமாக யாரும் இதைத் துருவிக் கேட்கவில்லை. கேட்ட ஓரிருவரிடமும் அம்மா ஒரே பதிலைச் சொன்னாள். "பெருசு அப்பன் மாரி, சிறுசு என்னிய மாரி." அப்பா போட்டில் கடலுக்குப் போனால் கரை திரும்பப் பத்துப் பன்னிரண்டு நாளாகும். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் அகப்படாது.

ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அன்று, பள்ளி வாசலில் வைத்து அம்மா எங்களுக்குப் பாடம் நடத்தினாள். "யார் கேட்டாலும் ரெட்டைன்னு சொல்லணும். மாத்தி கீத்தி சொன்னீங்க, ரெண்டு பேரையும் வூட்டுக்குத் தொரத்தி வுட்ருவாங்க." ஏன் என்று அவள் சொல்லவில்லை. காரணத்தை நானே கண்டுபிடித்துக்கொண்டேன். அக்கா பயந்தாங்கொள்ளி, தனியாகப் பள்ளிக்குப் போக மாட்டாள், அதனால் அவளுக்குத் துணையாக என்னை அனுப்புகிறார்கள். ஐந்து வயதில் இப்படியொரு பொறுப்பு வந்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. முதல் வாரம் முழுக்க அழுதது நான்தான் என்பது இந்தக் கணக்கில் சேரவில்லை.

நாங்கள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்குப் புதிதாக ஒரு பி.டி. மிஸ் வந்தார். கோணிப்பை ஒன்றில் இரண்டு மட்டை, நான்கு தோல் கையுறை, பெரிய மஞ்சள் பந்து மூன்று. சாஃப்ட்பால் என்று அதற்குப் பெயர் வைத்தவன் அதில் அடி வாங்கியிருக்க மாட்டான். கிரிக்கெட்டும் கோகோவும் தவிர வேறெதுவும் தெரியாத எங்களுக்கு அந்த ஆட்டம் முதலில் கிரிக்கெட்டைக் குழப்பியடித்தது போலத்தான் இருந்தது. அடித்தால் மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓட வேண்டும். நான்கு மூலையிலும் மண் நிரப்பிய சிமெண்டு மூட்டை கிடக்கும். அவற்றை வரிசையாகத் தொட்டுக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்தால் ஒரு ரன்.

மிஸ் எங்களை வயது வாரியாகப் பிரித்தார். வயதுக்கு ஒரு சட்டம் என்றார். எட்டு வயது வரை உள்ள பொடிசுகளுக்குப் பந்தை யாரும் வீச மாட்டார்கள். பெயிண்ட் டப்பாவில் சிமெண்டு கொட்டி நட்ட குழாயின் உச்சியில் பந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். எத்தனை முறை தவறவிட்டாலும் அவுட் கிடையாது. மூட்டைக்கு மூட்டை பதினைந்து தப்படிதான். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மிஸ்ஸே பக்கத்தில் நின்று, கையைக் கீழிருந்து சுழற்றி மெதுவாகப் பந்து போடுவார். ஒருத்திக்கு ஐந்து பந்து. ஒரு பக்கம் ஐந்து ரன் எடுத்துவிட்டால் போதும், மட்டையை அடுத்த பக்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே கட்சி சாயங்காலம் வரை அடித்துக்கொண்டே இருக்கும். பன்னிரண்டுக்கு மேலே போனால்தான் முழு நீள மைதானம், எதிர்க்கட்சிப் பெண்ணே வேகமாக வீசும் பந்து, சறுக்கி விழுந்து மூட்டையைத் தொடுகிற சாகசம் எல்லாம்.

பதிவேட்டைப் பார்த்து மிஸ் எங்கள் இருவரையும் நடுக்கூட்டத்தில் நிறுத்தினார். எனக்குப் பத்து வயது, சரிதான். அக்காவுக்குப் பன்னிரண்டு முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

மெதுவாக வரும் பந்தும் குட்டை மைதானமும் பத்து வயதுக்கு ஏற்றபடி வைத்தவை. அதில் என் அக்கா இறங்கினால் என்ன ஆகும்? மதில் சுவரைத் தாண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில் போய் விழுந்தது பந்து. அங்கே துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரை வால் நீட்டி நிற்கும். ஒருநாள் அவள் அடித்த பந்து ஒரு டிரெய்லரின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. நாங்கள் சுவரேறிக் கத்துவதற்குள் ஐந்து நாளாக நகராத வரிசை நகர்ந்துவிட்டது. பந்து அப்படியே துறைமுகத்துக்குள் போனது. எந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததோ, தெரியாது.

மறுநாள் மிஸ் புதிய சட்டம் போட்டார். சுவரைத் தாண்டினால் அவுட். அக்கா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அலைந்தாள். பிறகு பந்தைத் தரையோடு தரையாக, ஆள் இல்லாத இடம் பார்த்து அடிக்கக் கற்றுக்கொண்டாள். அதற்கு மேல் அவளைக் கட்டிப்போட மிஸ்ஸிடம் சட்டம் இல்லை. பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

என் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஐந்து பந்து வரும், ஐந்தும் போகும். மிஸ் அன்பாகத்தான் சொல்வார். "நீயும் அவளும் ட்வின்ஸ்தானே? அவளால முடியறது உன்னால ஏன் முடியாது?" அந்த அன்புதான் என்னைக் கொன்றது. பொடிசுகளோடு போய் நிற்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். பத்து வயதுக்காரிக்கு அங்கே இடமில்லை என்றார். வகுப்பில் எங்களுக்குப் பனைமரம், பனங்கொட்டை என்று பெயரே வைத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஒரே நொடியில் என் மானம் திரும்பிவிடும். சொல்லக் கூடாது. நாக்கு நுனியில் வைத்துக்கொண்டே நாட்களைத் தள்ளினேன்.

அந்த நேரத்தில்தான் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு ஆள் எடுக்க எங்கள் மைதானத்துக்கே ஒருவர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. தேர்வானால் எண் போட்ட சட்டை, ரயிலில் வெளியூர்ப் பயணம். அக்கா பள்ளியில் சுமாராகப் படிப்பாள், வீட்டில் சொன்ன வேலையைச் செய்வாள், எதையும் கேட்க மாட்டாள். தனக்கென்று ஒன்றை அவள் ஆசைப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கேன்வாஸ் ஷூவைத் துவைத்து, சாக்பீஸ் தடவி, கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, மணிக்கொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் கழுத்தில் விசில் தொங்கும் பெரிய சார். கையில் நீளமான நோட்டு. அக்கா ஐந்து பந்தையும் ஐந்து திசைக்கு அனுப்பினாள். சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு மிஸ்ஸைப் பார்த்தார். பிறகு அவள் பெயரை நோட்டில் எழுதினார். எழுதியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அக்கா ஓரமாகப் போய் நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது நான். வழக்கம்போல ஐந்தும் காற்று. சார் பதிவேட்டில் இரண்டு பெயரையும் சேர்த்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ட்வின்ஸா? ஒரே வீட்டுச் சாப்பாடுதானேம்மா சாப்பிடுறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அக்காவும் சிரித்தாள். சந்தோஷத்தில் இருந்தவள், யார் எதைச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கண் இருட்டிவிட்டது.

"ட்வின்ஸ் இல்ல சார். அவ என்னிய விட ரெண்டரை வயசு பெரியவ. எங்கம்மாதான் மாத்தி எழுதிச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. சார் அக்காவைக் கூப்பிட்டார். அதட்டவில்லை. "உண்மையாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

சும்மா சொல்கிறாள் சார் என்று அவள் சொல்லியிருக்கலாம். காகிதம் அவள் பக்கம் இருந்தது. ஐந்து பந்தையும் விட்டுவிட்டு வயிற்றெரிச்சலில் உளறுகிறாள் என்று அத்தனை பேரும் நம்பியிருப்பார்கள். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

"ஆமா சார். நான் பெரியவதான். அவ பொய் சொல்ல மாட்டா."

சார் நல்ல மனிதர். பெரிய பெண்கள் அணியில் போடலாம் என்றால் காகிதத்தில் பத்து வயது இருக்கிறது, சின்னப் பெண்கள் அணியில் போட்டால் அவளே பன்னிரண்டைத் தாண்டிவிட்டேன் என்கிறாள், நான் எதில்தான் எழுதுவது என்று மிஸ்ஸிடம் நொந்துகொண்டார். காகிதத்தைத் திருத்திக்கொண்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். திருத்தப் போனால் இருவர் படிப்பும் என்னவாகும் என்று மிஸ்ஸுக்குப் பயம். சாரைத் தனியே கூட்டிக்கொண்டு போய் ஏதோ கெஞ்சினார். தலைமையாசிரியர் காதுக்குப் போகாது என்ற வாக்குறுதியோடு திரும்பி வந்தார். ஆனால் சார் நோட்டிலிருந்த அக்கா பெயரின் மேல் கோடு போட்டுவிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு மொத்து விழும் என்று முதுகைக் கூனிக்கொண்டே நடந்தேன். விழவில்லை. லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கும்போது எப்போதும் போல அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கடந்த பிறகும் விடவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு, "பந்து வர்றப்ப கண்ண மூடிக்கிற நீ. அதான் படல. மூடாத," என்றாள். எனக்கு அழுகை வந்தது. அடித்திருந்தால் அழுதிருக்க மாட்டேன்.

அம்மா எறா கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். விடிவதற்கு முன்பே போய், ஐஸில் கிடக்கும் இறாலை நாள் முழுக்க உரித்து, விரலெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்கும். அக்கா சொல்ல மாட்டாள் என்று தெரிந்ததால் நானே சொல்லிவிட்டேன். அம்மா துடைப்பத்தை எடுத்தாள். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"வுடும்மா. அதுக்கு இன்னா தெரியும்."

"ஒனக்காகத்தாண்டி இவள அடிக்கப் போறேன்!" என்று அக்காவிடம் கத்திய அம்மா, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "நான் கம்பெனிக்குப் போயிட்டா ஒன்ன யாரு பாத்துகினு இருந்தா? உங்கப்பன் கடல்ல கீறான். ஒன்ன இடுப்புல வச்சிகினு ரெண்டரை வருசம் இவதான் வூட்ல கெடந்தா. இஸ்கூலுக்கு இட்டுகினு போனா, ஏழரை வயசுப் புள்ளைய ஒண்ணாங்கிளாஸ்ல சேக்க மாட்டோம்னாங்க. ரெண்டாங்கிளாஸ்ல ஒக்காந்து இவ இன்னாத்தப் படிப்பா? அதான் ஒன் வயச இவளுக்கும் போட்டேன்."

அப்புறம் அம்மா எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள். அக்கா ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். துடைப்பத்தடியிலிருந்து தப்பித்தது ஒன்றுதான் எனக்கு அந்நேரம் முழுதாகப் புரிந்திருந்தது.

அதன் பிறகு அக்கா மட்டையைத் தொடவில்லை. மிஸ் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். பள்ளி அளவில் ஆடலாம், யாரும் கேட்க மாட்டார்கள் என்றார். அவள் சிரித்துக்கொண்டே போய்ப் பொடிசுகள் பக்கம் நின்றுகொள்வாள். ஒவ்வொரு குழந்தையாகத் தூக்கிச் சரியான இடத்தில் நிறுத்தி, குழாயின் மேல் பந்தை எடுத்து வைப்பாள். இப்போது அவளுக்குக் கல்யாணமாகி மாதவரத்தில் இருக்கிறாள். நேற்றுகூட ஃபோனில் என் மகளுக்குச் சளி குறைந்ததா என்று இரண்டு முறை கேட்டாள்.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுகிறாள். தண்ணீர் குடித்தால் பாதி சட்டையில். போன வாரம் பக்கத்து வீட்டுக் குழந்தையை ஐந்து நிமிடம் பார்த்துக்கொள் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பால் பாக்கெட் எடுக்கப் போன நான், பாதிப் படியில் பதறிப்போய்த் திரும்பி ஓடிவந்தேன். அந்த வயதில்தான் என் அக்கா வீட்டில் தனியாக, இரண்டரை வயது என்னை வைத்துக்கொண்டு, இருட்டும் வரை அம்மாவுக்காகக் காத்திருந்தாள். படியில் நின்று அழுதேன்.

ஆனால் பெயர் அடிபட்ட அன்று சாயங்காலம், அம்மா சொன்னதைக் கேட்டு நான் அழவில்லை. ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அக்கா சோறு போட்டாள். சாப்பிடும்போது எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது. கேட்டேன்.

"அம்மா போனதும் நாம ரெண்டு பேரும் வூட்ல இன்னா பண்ணுவோம்?"

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"நீ ரோட்டாண்ட ஓடுவ. நான் வந்து புடிப்பேன். மறுக்கா ஓடுவ."

"அப்பறம்?"

"அவ்ளோதான். நாள் பூரா அதான்."

கேட்பதற்கு நல்ல ஆட்டமாகத் தெரிந்தது. இரண்டரை வருடம் ஆடியும் அதில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லையே என்று வருத்தமாக இருந்தது. சோற்றை முடித்துவிட்டு, அக்காவிடம், இன்னொரு நாள் அதை ஆடலாமா என்று கேட்டேன்.