ஒரு பிடி மிச்சம்

தூத்துக்குடிக் கடலுக்கு அலை கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் சேரன்மகாதேவியில் ஆற்றங்கரையில் பிறந்தவள். எங்கள் ஆறு கோடையில்கூட கல்லில் மோதி எதையாவது முணுமுணுத்துக்கொண்டே கிடக்கும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே வந்தபோது, இத்தனை பெரிய தண்ணீர் வாயே திறக்காமல் கிடப்பதைப் பார்த்து நான் கரையிலிருந்து இரண்டடி தள்ளியே நின்றேன்.

ஊரும் அப்படித்தான் இருந்தது. அனல்மின் நிலையத்துச் சாம்பல் சத்தமில்லாமல் வந்து கொடியில் காயும் துணியில் உட்காரும். உப்பளப் பக்கம் மதிய வெயிலில் பஸ்ஸில் போனால், அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கால் தெரியாது. இடுப்புக்கு மேலே மட்டும் கானலில் மிதப்பார்கள். எங்கள் தெருமுனையில் நின்றால் ஓட்டுவீடுகளுக்கு மேலே ஒரு கப்பலின் தலை தெரியும்; மறுநாள் அந்த இடம் வெறும் வானமாக இருக்கும். அது போனதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

“இதென்ன ஊரு, பேய் குடியிருக்க ஊரு” என்று முதல் மாதமே என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“பேய்க்கு இங்கன வேலை கிடைக்காது, யூனியன் விடாது” என்றார்.

அவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். பக்கத்து வீட்டு அக்காவின் புருஷன் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் வேலைக்குப் போவார்கள். யார் மிதிப்பது என்று தினமும் வாசலில் ஒரு சண்டை நடக்கும்.

பதினொரு மணிக்குச் சாப்பாடு எடுக்கும் அண்ணாச்சி வந்து, வீடுவீடாகத் தூக்குச்சட்டிகளை வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு துறைமுக வாசலுக்குப் போவார். மூன்று மணிக்குச் சட்டிகள் திரும்பி வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பிடி சோறு மிச்சம் இருக்கும். எவ்வளவு பசி என்றாலும் எங்கள் தெரு ஆண்கள் சட்டியை வழித்துத் தின்ன மாட்டார்கள். இன்னும் எனக்குச் சோறு பாக்கி இருக்கிறது, வீட்டுக்கு வருவேன் என்று அதற்கு அர்த்தமாம். பெண்கள் சட்டியைத் திறந்து அந்தப் பிடியைப் பார்த்தபிறகுதான் அடுத்த வேலையைத் தொடுவார்கள்.

நான் நெல் விளைகிற ஊர்க்காரி. களத்தில் சிந்தின மணியைக்கூடப் பொறுக்கி எடுக்கிற குடும்பம். தினமும் ஒரு பிடிச் சோறு காக்காய்க்குப் போவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் மண்டியது. ஒருநாள் சாயங்காலம் பிடித்துக்கொண்டேன்.

“சோத்த வீணாக்குதது பாவம்லா? நாளைக்கு ஒரு பருக்கை மிச்சம் வரட்டும், பெறவு நான் உலையே வைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க!”

“சரி தாயீ, வழிச்சே தின்னுட்டு வாரேன்” என்று கும்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சிரித்தது கேட்டது.

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். எங்கள் தெருக்குழாயில் தாமிரபரணிதான் வரும், அதுவும் சில நாளைக்கு ஒருமுறை. வருவதற்கு முன்னால் குழாய்க்குள் காற்று அடைத்து, யாரோ மூச்சுக்குத் திணறுவதுபோல இழுத்து இழுத்துச் சத்தம் கேட்கும். என் ஆறு இங்கே வந்து இப்படியா ஆக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். நானும் அக்காவும் குடங்களோடு குழாயடியில் நின்றோம்.

மூன்று மணிக்கு அண்ணாச்சி வந்தார். மணி அடிக்கவில்லை, “தாயீ, சட்டி” என்று குரல் கொடுக்கவில்லை. இரண்டு சட்டிகளையும் அவரவர் வீட்டுப் படியில் வைத்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார்.

“என்ன அண்ணாச்சி, எங்க மேல கோவமா?” என்று அக்கா கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டார்.

என் சட்டியைத் திறந்தேன். துடைத்து வைத்ததுபோல் இருந்தது. நான் கேட்டதுதான் அது. ஆனாலும் அந்த வெறும் அடியைப் பார்த்ததும் சட்டியோடு குழாயடிக்கு ஓடினேன்.

“யக்கா, வெறுஞ்சட்டியா வந்திருக்கு” என்று அழுதுவிட்டேன்.

“ஏட்டி கோட்டிக்காரி, நீதான நேத்து தெருவே கேக்க ஏசுன? சொன்னதச் செஞ்சதுக்கு அழுதியே! இப்ப என்ன, ஒரு பிடிச் சோறுதான? எங்க வீட்டு ஆளு மிச்சம் வச்சதுல இருந்து உனக்குப் போடுதேன். ஒரே சைக்கிள்ல போனவிய சேந்தே வந்துருவாவ.”

குடத்தை இறக்கிவிட்டுப் போய்த் தன் சட்டியை எடுத்தாள். தூக்கும்போதே அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு திறந்தாள்.

சட்டி நிறையச் சோறு. காலையில் அவள் அழுத்தி வைத்த கரண்டித் தடம் அப்படியே இருந்தது. மேலே வைத்த பொரித்த மீன் அசையக்கூட இல்லை. குழாய் இழுத்துக்கொண்டே இருந்தது.

அக்கா மீனை ஒதுக்கினாள். ஒரு பிடி அள்ளினாள், என் சட்டியில் போட்டாள், மூடினாள்.

“நீ வச்சுக்கோ” என்றாள்.

அப்போது எனக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. அவருக்கு ஒன்றுமில்லை, இது அடுத்த வீட்டுக்கு என்கிற நிம்மதி. எழுதவே கூசுகிறது. ஆனால் அதுதான் எழுந்தது. துறைமுகத்து ஆட்கள் தெருவுக்குள் வந்தபோது அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் பொழுது சாய்ந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தனியாக வந்தார். மரக்கட்டை ஏற்றி வந்த கப்பலாம். நாள்கணக்கில் மூடிக்கிடந்த சரக்கு அடியறையில் மரமே காற்றைத் தின்றுவிடுமாம்.

“அடியறைப் பக்கம் எப்பவும் ரெண்டு பேருமாத்தான் போவோம். இன்னைக்கு நான் சட்டிய வழிச்சுக்கிட்டு இருந்தேன். ‘நீ பைய தின்னுட்டு வாலே, நான் ஒரு பார்வை பாத்துட்டு வந்து திங்கேன்’னான். நான் கை கழுவிட்டுப் போய் எட்டிப் பாக்கேன், ஏணிக்குக் கீழ கெடக்கான்.”

அதற்குமேல் அவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

காரியமெல்லாம் முடிந்து அவர் மறுபடி வேலைக்குப் போன அன்று, மூன்று மணிக்குச் சட்டி வந்தது. திறந்தேன். அடியில் ஒரு பிடி இருந்தது. நிமிர்ந்தால் அக்கா தன் வாசலில் நிற்கிறாள்.

“இருக்காட்டி?” என்றாள்.

ஆழ்வார்திருநகரியில் உள்ள தன் தம்பி வீட்டுக்கே போய்விடும்வரை தினமும் மூன்று மணிக்கு வாசலுக்கு வந்து அதையே கேட்டாள். நான் சட்டியை அவள் பக்கம் சாய்த்துக் காட்டுவேன்.