ஐந்தாவது சிந்தசைசர் வாங்குவதா?

என் கணினியில் இசையமைக்க ஏற்கெனவே நான்கு சிந்தசைசர் மென்பொருள்கள் இருக்கின்றன. முடித்த பாட்டு ஒன்றுகூட இல்லை.

குறை என்னிடம் இல்லை, ஐந்தாவது இல்லாததுதான் குறை என்று கண்டுபிடித்து, அதன் இலவசப் பதிப்பை நேற்று இறக்கினேன். காசு கட்டி வாங்கும்வரை அது நிமிடத்துக்கு ஒருமுறை 'உஷ்ஷ்...' என்று இரைந்து ஞாபகப்படுத்தும்.

இன்று குகன் அண்ணை வீட்டுக்கு வந்தார். லண்டனில் ரெய்னர்ஸ் லேன் பக்கம் சாமத்தியவீடு, அதாவது பெண்பிள்ளைகளின் பூப்பு நீராட்டு விழா, வீடியோ எடுப்பவர். பிள்ளை மண்டபத்துக்குள் வரும் காட்சிக்கு அவருக்கு இசை வேண்டுமாம்.

நான்கிலும் வாசித்துக் காட்டினேன்.

"எல்லாம் ஒண்டு மாதிரித்தானே தம்பி கிடக்கு."

ஐந்தாவதைத் திறந்து வாசித்தேன். நடுவில் 'உஷ்ஷ்...'

அண்ணை கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "இதுதான்! பிள்ளை பல்லக்கில வரேக்க புகை விடுவம். அதுக்கு இந்தச் சத்தம் அந்தமாதிரிப் பொருந்தும்!"

"அண்ணை, அது நான் வாசிச்சதில்லை. இதை வாங்கினா அந்தச் சத்தம் நிண்டிடும்."

"உமக்கென்ன விசரே? வாங்காதையும்!"

இத்தனை வருடத்தில் என் இசையில் ஒருவருக்குப் பிடித்தது அந்த இரைச்சல் மட்டும்தான். அதையும் காசு கொடுத்து நிறுத்துவதா, நண்பர்களே?