நான் போட்ட டிக்

நாரணாபுரம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் அம்மாவுக்கு நெஞ்சும் கைகளும் வெந்துபோனபோது எனக்குப் பதினொரு வயது. பெரியாஸ்பத்திரியின் தீக்காய வார்டில் மல்லாக்கக் கிடந்தாள். தீபாவளி ஆர்டர் முடியவில்லை என்று மூன்றாம் நாளே அப்பாவை அதே கம்பெனியில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அடேயப்பா, என்ன அக்கறை! ராத்திரிக்குச் சித்தி, பகலுக்கு நான் என்றானது.

வார்டு முழுக்க ஒரே நர்ஸ். அவர் கட்டில் தலைமாட்டில் ஒரு தாளைத் தொங்கவிட்டார்.

“ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க அம்மாவ ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும் தாயி. பக்கத்துக் கட்டிலப் பாத்துக்கிற அக்காவத் தொணைக்குக் கூப்பிட்டுக்கோ. இல்லேன்னா முதுகு அழுந்திப் புண்ணாயிரும். புரட்டுனதும் இதுல டிக் போடு.”

இரண்டு நாள் ஒழுங்காகச் செய்தேன். புரட்டும்போதெல்லாம் அம்மா அலறுவாள். அடுத்த நாள் ஊசியை மாற்றினார்கள். அம்மா கண்ணே திறக்கவில்லை, முனகவும் இல்லை. சீசனில் விடியுமுன் சோறாக்கிவிட்டுக் கம்பெனி வேனுக்கு ஓடுகிறவள் அவள். “ஒருநாளாச்சும் நல்லாத் தூங்கணும்டி” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! தூங்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

தாளில் மட்டும் டிக் போட்டேன். பட்டாசுக் கம்பெனியில் ஒரு ரூமில் நாலு பேர்தான் வேலை பார்க்கலாம் என்பது சட்டம். அம்மாவின் ரூமில் எட்டுப் பேர். சோதனைக்கு ஆபீசர் வந்தால் நாலு பேர் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார்கள், போர்மேன் நோட்டில் நாலு என்று எழுதிக் காட்டுவார். இதை அம்மாவே சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். தாள் என்பது கேட்கிறவர்களுக்குக் காட்டத்தான் என்று நான் படித்துவைத்திருந்தேன்.

“புரட்டுனியா?” என்று நர்ஸ் கேட்பார்.

“புரட்டியாச்சு சிஸ்டர்.”

தாளைப் பார்த்துவிட்டு, கெட்டிக்காரி என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போவார். வேலை முடித்து வருகிற சித்தியோ கட்டிலடியில் விழுந்தால் விடிந்துதான் எழுவாள். நாலு நாள் இப்படியே போனது.

ஐந்தாம் நாள் விரிப்பை மாற்ற அம்மாவைத் தூக்கினார்கள். துணி முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்புக்குக் கீழே கறுத்து, குழி விழுந்திருந்தது. நர்ஸ் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் புண் சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு, பத்தே நாளில் அம்மா போய்விட்டாள். நெஞ்சுக் காயம் ஆறத் தொடங்கியிருந்தது.

“தீதான் அவளக் கொண்டுபோயிருச்சு” என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார். நான் திருத்தியதில்லை. எட்டை நாலாக எழுதியவனைச் சபிக்க வாய் திறக்கும்போதெல்லாம் என் டிக் ஞாபகம் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு வந்தது தூக்கமில்லை, ஊசி மருந்தின் மயக்கம் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. வலித்தால் அம்மா சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன்.