ராஜாவுக்குப் போட்ட பாலிஷ்

பாலிஷ்காரருக்கு அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. பித்தளைக் கைப்பிடி, விளக்கு, கோப்பை என்று எது வந்தாலும் பட்டறைச் சக்கரத்தில் கொடுத்து, முகம் பார்க்கிற அளவுக்குத் தேய்த்துவிட்டுத்தான் மறுவேலை. அந்தக் கைதான், பாழாய்ப்போன கை, குடியைக் கெடுத்தது.

வீட்டையும் பட்டறையையும் சேர்த்து இடித்து ரோடு போடப்போகிறார்கள். மனு கொடுத்துக் கால் தேய்ந்ததுதான் மிச்சம். இடிக்கிற வண்டி தெருமுனைக்கே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொள்ள, தோண்டினவருக்குக் களிம்பேறிப் பச்சை பூத்த காசு ஒரு பிடி கிடைத்தது. ஒரு பக்கம் தலையில் முத்துப்பட்டை கட்டின ராஜா. மறுபக்கம் அதே ராஜா ஒரு கையில் கொடியும் மறுகையில் ஒருத்தன் தலைமுடியுமாக, மண்டியிட்டவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போகிறார்.

"ஐயோ பாவம், இவன் என்ன தப்புப் பண்ணினானோ!" என்றாள் மனைவி.

மியூசியத்துக்குப் போன் போட்டார். விவரம் சொல்லச் சொல்ல அங்கிருந்த அதிகாரியம்மாவின் குரலே மாறிவிட்டது. "ரோமாபுரி வெண்கலக் காசுங்க! முகம் தெரியுற மாதிரி ஒண்ணு இருந்தாக்கூடப் போதும். அங்க தோண்டிப் பார்க்கணும்னு சொல்லி இடிக்கிறதை நிறுத்திடலாம். நாளைக்கு வர்றேன்."

முகம் தெரியணுமாம்! யாரிடம் வந்து சொல்கிறார்கள்!

"இப்படிப் பாசி பிடிச்ச மாதிரியா பெரிய மனுஷங்ககிட்ட நீட்டுறது? நல்லாத் துலக்குங்க," என்று மனைவியும் தூபம் போட்டாள். மொத்தத்தையும் அமிலத்தில் ஊறப்போட்டார். பச்சை கரைந்ததும் ராஜாவின் மூக்கும் காதும் மொழுக்கென்று இருந்தன. அழுக்கு இன்னும் போகவில்லை, அதுதான் மங்கலாகத் தெரிகிறது என்று நினைத்துச் சக்கரத்திலும் கொடுத்தார்.

அதிகாரியம்மா வந்தார். வெள்ளைத்துணியில் மின்னியதைப் பார்த்து, "காசு எங்கங்க?" என்றார்.

"இதாங்க."

அந்தம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்ன காரியம்ங்க பண்ணிட்டீங்க! அந்தப் பச்சையிலதாங்க ராஜாவே இருந்தாரு."

"வெண்கலம்தானேங்க? சோதிச்சுப் பாருங்க. சத்தியமா இங்கதான் கிடைச்சுது."

சக்கரத்தடியில், கைப்பிடி வேலைக்கென்று அவர் வெட்டிப்போட்ட வட்டத்தகடுகள் குவிந்து கிடந்தன. அதிகாரியம்மாவின் பார்வை அங்கேயே நின்றது. "நான் நம்புறேன். மேல இருக்கிறவங்க, நீங்களே வெட்டினதுன்னு சொல்லிடுவாங்களே." அவருக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வண்டி வாசலுக்கு வந்தது. "இன்னொண்ணு இருக்கும், இருக்கும்," என்று பாலிஷ்காரர் குழிக்குள் குதித்து, மண்டியிட்டு, சாக்கடை மண்ணை நகத்தால் பறண்டினார். பானை ஓடும் கல்லும்தான் வந்தன. இடிக்க வந்த மேஸ்திரி கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். கடைசியில் எட்டி, கையில் சிக்கிய தலைமுடியைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்கய்யா அவரை!" என்று அலறினாள் மனைவி. "அவர் என்ன தப்புப் பண்ணினாரு!"