கிராம் அத்தை செய்த கதவு

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தராசில் வைக்கிறார் அத்தை. முப்பத்தொரு கிராம். போன வாரமும் அதேதான் காட்டியது. ஆனாலும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது? அடுத்து மகனின் சாவிக்கொத்து, அப்புறம் மருமகளின் கையுறை. பட்டறைக்கு யார் வந்தாலும் கையில் இருப்பதைத் தராசுக்குக் காட்டிவிட்டுத்தான் வந்த காரியத்தைச் சொல்ல முடியும். கூரியர்காரர் ஒருவர் கையெழுத்து வாங்க வந்து, தன் தொப்பியின் எடையைத் தெரிந்துகொண்டு போனார். 'அத்தை' என்று கூப்பிட்டது மருமகள். முன்னால் 'கிராம்' என்று ஒட்டவைத்தது அந்தக் கூரியர்காரராகத்தான் இருக்க வேண்டும்.

பந்தயக் காரின் மேல்தோல் முழுக்க அவர் கைவேலை. பானெட், கதவு, பின்னால் நிற்கும் இறக்கை, எல்லாமே கார்பன் ஃபைபர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், வெறும் கறுப்புத் துணிதான். பிசின் ஊறிய அந்தத் துணியை அச்சின் மேல் அடுக்கடுக்காகப் படியவைத்து, மேலே பிளாஸ்டிக் உறை மூடி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, பெரிய அடுப்பில் வேகவைத்தால் இறுகிக் கதவாகிவிடும். அத்தை இருபது வருடம் தையல் கடை வைத்திருந்தவர். மகன் பட்டறை தொடங்கிய புதிதில், வளைவுகளில் துணி சுருங்குகிறது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "நேரா வெட்டினா சுருங்காம என்ன செய்யும்? கிராஸா வெட்டுடா, கழுத்துப்பட்டி மாதிரி" என்று கத்தரிக்கோலைப் பிடுங்கினார். இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை.

அந்தத் துணியைக் குளிரில் வைக்காவிட்டால் பிசின் கெட்டுப்போகும். பட்டறையில் இருந்த குளிர்பெட்டி நிரம்பியதும் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் அறையும் கறுப்புச் சுருளுக்குப் போய்விட்டது. அந்த வீட்டில் ஐஸ் கேட்கிற விருந்தாளியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். உறையில் எங்காவது காற்று கசிகிறதா என்று காதை வைத்துக் கேட்பது அத்தையின் இன்னொரு வழக்கம். அந்த நேரத்தில் பட்டறையில் ஈ பறக்கக் கூடாது. "யாருடா அது மூச்சு விடுறது?" என்று ஒரு அதட்டல் வரும்.

காரை ஓட்டுவது மருமகள். அவளை மட்டும் தராசில் ஏற்ற முடியவில்லையே என்ற குறை அத்தைக்கு உண்டு.

"அம்பது கிராம் குறைக்க நான் நாள் கணக்கா மல்லுக்கட்டுறேன். நீ ரெண்டு பிரெட் கூடுதலாச் சாப்பிட்டு ஒரே நிமிஷத்துல ஏத்திடுற."

மருமகளும் லேசுப்பட்டவள் இல்லை. "ஓட்டும்போது மூச்சாவது விட்டுக்கலாமா அத்தை? இல்ல, அதுவும் எடையா?"

போன பந்தயத்தில் மழை பெய்து, கார் வழுக்கிப் பக்கவாட்டாகச் சுவரில் மோதியது. கதவு உடைந்து, கூரான சில்லு ஒன்று மருமகளின் உடையைக் கிழித்துக்கொண்டு விலாவில் இறங்கிவிட்டது. ஆழமில்லை, தையலோடு போயிற்று. அத்தை கட்டைப் பிரித்துப் பார்த்து, "தையல் சுமார்தான். இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டிருக்கலாம்" என்றார். உடைந்த கதவு அவர் செய்ததிலேயே லேசானது. ஒற்றை விரலில் தூக்கிக் காட்டி, பார்த்தவர்களை எல்லாம் ஒரு வழி பண்ணியிருந்தார். அந்தக் கதவுதான் மருமகளைக் குத்தியது என்பது அவர் மனதைப் போட்டு அரித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பந்தயம். அதில் முதலில் வந்தால்தான் அடுத்த வருடம் பெரிய பந்தயத்தில் மருமகளுக்கு இடம். "புதுக் கதவு பழசைவிட ஒரு கிராம்கூட ஏறக் கூடாதும்மா" என்று மகன் சொல்லியிருந்தான். "பழைய மாதிரியே போட்டுடுங்க அத்தை, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று மருமகளும் சொன்னாள். இரண்டு பேருக்கும் அத்தை நன்றாகத் தலையாட்டினார்.

கதவு அடுப்பிலிருந்து வந்தது. தூக்கிப் பார்த்ததுமே மகனின் முகம் மாறியது. தராசில் வைத்தான். முந்நூறு கிராம் கூடுதல். திருப்பினான். உள்பக்கம் மேலிருந்து கீழ்வரை மஞ்சள் துணி.

"என்னம்மா இது? கெவ்லரா?"

குண்டு துளைக்காத சட்டைக்குள் வைக்கிற துணி அது. கார்பன் உடைந்தால் சில்லாகத் தெறிக்கும். பின்னால் இது இருந்தால் சில்லை எல்லாம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

"லைனிங் வைக்காம யாராவது தைப்பாங்களா?" என்றார் அத்தை.

"முந்நூறு கிராம்மா. ஞாயித்துக்கிழமை என்ன பண்றது?"

"எனக்கே எடை சொல்லிக் குடுக்கிறியாடா?"

மருமகள் குனிந்து அந்த மஞ்சளைத் தடவிப் பார்த்தாள். இன்னொரு கை தானாக விலாவுக்குப் போயிற்று. "தோத்துட்டா அத்தை?" என்று மெல்லக் கேட்டாள்.

அத்தை பானெட்டிடம் போனார். அதன் மேல் ஐந்து பூச்சு வார்னிஷ். ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்திருந்தார். யாரையும் விரல் வைக்க விட்டதில்லை. போட்டோ எடுக்க வருகிறவர்கள் ஓட்டுகிறவளை விட்டுவிட்டு அதைத்தான் எடுப்பார்கள். அப்போதெல்லாம் அத்தையும் ஏதோ வேலையாக வந்தவர்போல் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். அந்தப் பளபளப்பின் எடையை மட்டும் மகன் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

கையை மடித்துவிட்டுக்கொண்டார். வாளித் தண்ணீரில் உப்புத்தாளை முக்கி எடுத்தார். பானெட்டில் தன் முகம் தெரிந்த இடத்திலேயே அதை வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.